நீதிபதிகளின் ஓய்வு வயது: கொழிஞ்சாம்பாறை ஆசிரியருக்குப் பதில்

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழி வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி, 56 வயதில் ஓய்வு பெற்றேன். என் மகளுக்கு இப்போது 31 வயது. ஆறு ஆண்டுகளாகச் சித்தூரிலும் பாலக்காட்டிலும் வக்கீலாக இருக்கிறாள். கீழ்நிலை சிவில் நீதிபதிக்கான முன்சிப் தேர்வு எழுதலாமா என்று யோசிக்கிறாள். “முன்சிப்பாகப் போனால் ஜில்லா ஜட்ஜோடு சரி, அதற்குள் வயது முடிந்துவிடும், ஹைகோர்ட் வரை போக வேண்டுமானால் வக்கீலாகவே இரு” என்று அவளுடைய சீனியர் சொல்கிறாராம். மாவட்ட நீதிபதிக்கு 60, உயர் நீதிமன்றத்தில் 62, உச்ச நீதிமன்றத்தில் 65 என்று மூன்று விதமான ஓய்வு வயது ஏன்? எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பதற்கு மதிப்பே கிடையாதா? இன்னொன்றும் உண்டு. எங்கள் தென்னந்தோப்பு பாகப்பிரிவினை வழக்கின் இரண்டாம் மேல்முறையீட்டில், எர்ணாகுளத்தில் உள்ள உயர் நீதிமன்றத்தில் வாதம் முடிந்து, தீர்ப்புக்கு ஒத்திவைத்து நான்கு மாதம் ஆகிறது. வழக்கைக் கேட்ட நீதிபதி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்கிறார்கள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: ஐயா, வணக்கம். தாங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் நாள் குறுகியிருக்கிறது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நீதிபதி தீர்ப்பைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லும்வரை அது தீர்ப்பு ஆகாது. எழுதி முடித்து, கையெழுத்தும் போட்டு, மேசையில் வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வரைவுதான். 1954இல் சுரேந்திர சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் சேர்ந்து கேட்ட கொலை வழக்கு அது. அவர்களில் ஒருவர் தீர்ப்பில் கையெழுத்திட்டுவிட்டு, அது வாசிக்கப்படும் முன்பே காலமாகிவிட்டார். மற்றவர் அதைப் பிறகு வாசித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்து, மேல்முறையீட்டை மறுபடி கேட்கச் சொன்னது. கடைசி நிமிடம் வரை ஒரு நீதிபதிக்குத் தம் மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு என்பதே அதன் அடிப்படை. ஓய்வுக்கும் இதே விதிதான் பொருந்தும். ஓய்வு நாளுக்கு மறுநாள் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. 2024இல் வேறொரு வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் முடிவை ஒற்றை வரியில் அறிவித்துவிட்டு ஓய்வு பெற்று, காரணங்களை விரித்து எழுதிய தீர்ப்பை ஐந்து மாதம் கழித்து வெளியிட்டபோது, உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்து, ரத்து செய்து, வழக்கைப் புதிதாகக் கேட்கும்படி திருப்பி அனுப்பியது.

ஆகவே தங்கள் வழக்கில் ஓய்வு நாளுக்குள் தீர்ப்பு வந்துவிட்டால் கவலை இல்லை. அதன்பிறகு அவர் ஓய்வு பெறுவது தீர்ப்பைத் தொடாது. வராவிட்டால், ஒத்திவைத்தது விலக்கப்பட்டு, எந்த வழக்கு யாரிடம் என்று வகுக்கும் ரோஸ்டர்படி வேறொரு நீதிபதியின் முன் பட்டியலிடப்படும். அப்போது மறுபடி நடப்பது வாதம் மட்டுமே. சித்தூர் முன்சிப் கோர்ட்டில் பதிவான சாட்சியம், குறியிடப்பட்ட பத்திரங்கள், கீழ் நீதிமன்றங்கள் இரண்டின் தீர்ப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும். இரண்டாம் மேல்முறையீடு சிவில் நடைமுறைச் சட்டம் 100ஆம் பிரிவின்படி சட்டப் பிரச்சினைகளில்தான் நிற்கிறது. ஏற்கெனவே வகுக்கப்பட்ட கேள்விகள் கோப்பில் இருக்கின்றன. இதற்காக மீண்டும் கோர்ட் பீஸ் கட்ட வேண்டியதும் இல்லை. வயதானவர்கள் பலர் “மறுபடி சாட்சிக் கூண்டில் ஏற வேண்டுமா” என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வேண்டாம்.

ஆனால் சும்மா காத்திருக்கவும் வேண்டாம். அனில் ராய் எதிர் பீகார் அரசு வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, ஒத்திவைத்து மூன்று மாதம் தாண்டிவிட்டால், விரைவில் தீர்ப்பு வழங்குமாறு கேட்டு எந்தத் தரப்பும் மனு கொடுக்கலாம். ஆறு மாதம் தாண்டினால், வழக்கை வேறு அமர்வுக்கு மாற்றும்படி தலைமை நீதிபதியிடமே கேட்கலாம். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி வலியுறுத்தி, ஒத்திவைத்துச் சொல்லாமல் கிடக்கும் தீர்ப்புகளின் பட்டியலைத் தலைமை நீதிபதியிடம் வைக்கும் பொறுப்பைப் பதிவாளர் மீது சுமத்தியிருக்கிறது. தங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. எர்ணாகுளத்தில் தங்களுக்காக ஆஜராகும் வக்கீலிடம் சொல்லி இந்த வாரமே மனுவைப் போடச் சொல்லுங்கள். இது நீதிபதியைக் குறை சொல்வதாகாது. ஓய்வுக்கு முந்தைய வாரங்களில் நீதிபதிகள் தம்மிடம் நிலுவையிலுள்ள தீர்ப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கவே முயல்வார்கள். தங்கள் வழக்கு அந்த வரிசையில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது தங்கள் உரிமை. அதோடு, எழுத்து வடிவிலான வாதக் குறிப்பு கோப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோப்பின் மூலப் பத்திரம் தமிழில் எழுதப்பட்டதாக இருந்தால், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கோப்பில் சேர்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். நம் பக்கத்து வழக்குகளில் பழைய பத்திரங்கள் தமிழிலும் பிந்தியவை மலையாளத்திலும் இருப்பது சாதாரணம். புதிதாகக் கேட்கும் நீதிபதிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. மறு வாதம் என்று வந்தால், பாதி நாள் வீணாவது இந்த இடத்தில்தான்.

இனி ஓய்வு வயதுக்கு வருகிறேன். 60, 62, 65 என்ற மூன்று எண்களுக்கும் பின்னால் ஒரே சிந்தனை இருந்ததாக எண்ண வேண்டாம். அவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணத்தால் வந்தவை. பிரிட்டிஷ் ஆட்சியின் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு முன்னோடியான பெடரல் கோர்ட் நீதிபதிக்கு 65, உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 60 என்று இருந்தது. அரசமைப்பு அதை அப்படியே எடுத்துக்கொண்டது: உச்ச நீதிமன்றத்துக்கு 124ஆம் பிரிவில் 65, உயர் நீதிமன்றத்துக்கு 217ஆம் பிரிவில் 60. பிறகு 1963இல் 15ஆம் திருத்தம் உயர் நீதிமன்றத்தின் 60ஐ 62 ஆக்கியது. அதை 65 ஆக்கி இரண்டையும் சமமாக்க 2010இல் 114ஆம் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது. நிறைவேறாமல் 2014இல் அந்த மக்களவையோடு காலாவதியானது. மாவட்ட நீதிபதியின் வயது அரசமைப்பில் இல்லை, மாநிலப் பணி விதிகளில் இருக்கிறது. அதுவும் 58ஆக இருந்ததை, அகில இந்திய நீதிபதிகள் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் 60 ஆக்கியது. ஆனால் 1993இல், மறுசீராய்வில், ஒரு நிபந்தனையையும் சேர்த்தது: 58ஐ எட்டும் முன் ஒவ்வொருவரின் பணியையும் உயர் நீதிமன்றம் மதிப்பிட வேண்டும், தகுதியுள்ளவருக்கே அந்த இரண்டு ஆண்டு. இந்த நிபந்தனை வெளியில் பலருக்குத் தெரியாது. மாவட்ட நீதித்துறையில் இருப்பவர்களுக்கோ நன்றாகவே தெரியும்.

கேரளத்தில் அரசு ஊழியரின் ஓய்வு வயதே 2012இல்தான் 55இலிருந்து 56 ஆனது என்பதால், 62, 65 என்ற எண்கள் தங்களைப் போன்றவர்களுக்குப் பெரிதாகத் தோன்றுவது இயல்பு. வெளிநாட்டோடு ஒப்பிட்டால் இவை சிறியவை. பிரிட்டனில் நீதிபதிகளுக்கு 70ஆக இருந்ததை 2022இல் 75 ஆக்கினார்கள். கனடாவின் உச்ச நீதிமன்றத்திலும் 75தான். அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஓய்வு வயதே கிடையாது, விரும்பும்வரை இருக்கலாம்.

ஓய்வு நாளைக் கணக்கிடுவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. மாவட்ட நீதிபதி, மற்ற ஊழியர்களைப் போல, வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு மாத இறுதி என்ற சலுகை இல்லை. பிறந்த நாளுக்கு முந்தைய நாளே கடைசி நாள். பத்தனம்திட்டையில் 1927 ஏப்ரல் 30இல் பிறந்த பாத்திமா பீவி, கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து 1989 ஏப்ரல் 29 அன்றும், உச்ச நீதிமன்றத்திலிருந்து 1992 ஏப்ரல் 29 அன்றும் விடைபெற்றார். பள்ளியில் சேர்க்கும்போது பதிவேட்டில் எழுதப்படும் பிறந்த தேதி ஒருவருடைய வாழ்க்கையில் எவ்வளவு தூரம் வரும் என்பது தங்களைப் போன்ற ஆசிரியருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; அது உயர் நீதிமன்றம் வரைகூட வந்திருக்கிறது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜோதி பிரகாஷ் மித்தரின் மெட்ரிகுலேஷன் பதிவில் பிறந்த ஆண்டு 1901 என்று இருந்தது, அவர் 1904 என்றார். அந்தச் சர்ச்சை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. உயர் நீதிமன்ற நீதிபதியின் வயதில் ஐயம் எழுந்தால், இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்து குடியரசுத் தலைவர் முடிவு செய்வார் என்று 217ஆம் பிரிவிலேயே 1963இல் எழுதி வைத்தார்கள்.

பணியாண்டுக்கு மதிப்பே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன்: இன்றைய அமைப்பில், மேலே எவ்வளவு காலம் இருப்பார் என்பதைத் தீர்மானிப்பது ஒருவர் எத்தனை ஆண்டு நீதிபதியாக இருந்தார் என்பதல்ல, எந்த வயதில் உயர் நீதிமன்றத்துக்குள் நுழைந்தார் என்பதே. கேரளத்தைச் சேர்ந்த மூவரின் பணிக்காலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

பாத்திமா பீவி 1958இல் முன்சிப் ஆனார். அப்போது அவருக்கு வயது 31, தங்கள் மகளின் இன்றைய வயது. 1968இல் சப் ஜட்ஜ், 1974இல் மாவட்ட நீதிபதி, 1980இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாய உறுப்பினர், 1983 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற நீதிபதி. முன்சிப் நாற்காலியிலிருந்து எர்ணாகுளத்து உயர் நீதிமன்றத்துக்கு வர 25 ஆண்டுகள் ஆயின. வந்தபோது வயது 56. அங்கே ஆறு ஆண்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. ஓய்வும் பெற்றுவிட்டார். ஐந்து மாதம் கழித்து, 1989 அக்டோபரில், உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக அழைக்கப்பட்டார். அங்கே இரண்டரை ஆண்டு. அவருடைய திறமைக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. மேலே கிடைத்த காலம் மட்டும் குறைவு.

கே.ஜி. பாலகிருஷ்ணன் வைக்கம் பக்கத்துத் தலயோலப்பறம்பைச் சேர்ந்தவர். 1973இல் அவரும் முன்சிப் பணியில் சேர்ந்தவர்தான். ஆனால் பிறகு அதை விட்டுவிட்டு மறுபடி வக்கீல் தொழிலுக்கே வந்தார். 1985இல் 40 வயதில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். குஜராத்திலும் சென்னையிலும் தலைமை நீதிபதியாக இருந்து, 2000இல் உச்ச நீதிமன்றம் சென்று, 2007 ஜனவரி முதல் 2010 மே வரை இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்தார். உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் சேர்த்து 24 ஆண்டுகளுக்கு மேல். நீதிபதியாகப் பாத்திமா பீவி கழித்த ஆண்டுகள் இதைவிட அதிகம். மேல் நீதிமன்றங்களில் கழித்தவை இதில் மூன்றில் ஒரு பங்கு.

பாலக்காடு வைத்தியநாதபுரத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் இவ்விருவருக்கும் நடுவே வருகிறார். தலச்சேரியில் வக்கீல், 1957இல் அமைச்சர், 1968இல் 52 வயதில் உயர் நீதிமன்றம், இடையில் சட்ட ஆணையம், 1973 ஜூலை முதல் 1980 நவம்பர் 14 வரை உச்ச நீதிமன்றம். சிறைவாசிகளின் உரிமை, ஜாமீன், இலவசச் சட்ட உதவி ஆகியவற்றில் அவர் எழுதிய தீர்ப்புகளை இன்றும் சித்தூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்கூட எடுத்துக்காட்டுகிறோம். அந்த ஏழு ஆண்டுகள் இரண்டாகக் குறைந்திருந்தால் அவற்றில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

உச்சியில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மையாகிறது. ஒய்.வி. சந்திரசூட் 1978 பிப்ரவரி முதல் 1985 ஜூலை வரை ஏழு ஆண்டுகளுக்கு மேல் இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்தார். கே.என். சிங் 1991 நவம்பர் 25இல் பதவியேற்று டிசம்பர் 12இல் ஓய்வு பெற்றார். மூன்று வாரம்கூட இல்லை. 2022இல் யு.யு. லலித்துக்குக் கிடைத்தது 74 நாள். நம் பவானிப் பக்கத்து ப. சதாசிவத்துக்குச் சுமார் ஒன்பது மாதம். பணிமூப்பு வரிசையில் அடுத்தவரே தலைமை நீதிபதி என்பதும், 65 என்ற கோடும் சேரும்போது இப்படித்தான் ஆகும். அந்த வரிசையும் பதவிப் பிரமாண நேரத்தைப் பொறுத்தது. கேரள உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த ஜே. செலமேஸ்வரும் தீபக் மிஸ்ராவும் 2011 அக்டோபர் 10 அன்று, ஒரே நாளில், உச்ச நீதிமன்ற நீதிபதிகளாகப் பதவியேற்றார்கள். மிஸ்ரா முதலில் ஏற்றதால் அவரே மூத்தவர். அவர் 2017 ஆகஸ்டில் தலைமை நீதிபதி ஆனார். செலமேஸ்வர் 2018 ஜூனில் அந்த இடத்துக்கு வராமலே ஓய்வு பெற்றார்.

இதற்கு ஓய்வு வயதை உயர்த்துவதுதான் வழி என்று பலர் சொல்கிறார்கள். உயர் நீதிமன்றத்தில் 62ஐ 65 ஆக்குவதை நானும் ஆதரிக்கிறேன். 62இல் நல்ல உடல்நலத்தோடும் தெளிவோடும் இருக்கும் ஒருவரை அனுப்பிவிட்டு, அவர் கேட்டுவைத்த வழக்குகளை இன்னொருவர் புதிதாகக் கேட்பதில் யாருக்கும் ஆதாயம் இல்லை. மூத்தவர்கள் சிலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனால் மூன்று ஆண்டு கூடும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலையும் ஒழியும். ஆனால் அது மட்டும் போதாது. கீழே இருப்பவர் 57இல்தான் மேலே வருகிறார் என்றால், ஓய்வு வயதை மூன்று ஆண்டு தள்ளிப் போடுவது அவருக்கு மூன்று ஆண்டு தருமே தவிர, அவர் வரும் வயதை மாற்றாது. காலியிடத்தை நிரப்பும் வேகமே அதை மாற்றும். ஒரு நீதிபதி என்று ஓய்வு பெறுவார் என்பது அவர் பதவியேற்கும் நாளிலேயே தெரியும். காலியிடம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டும் என்று நியமன நடைமுறைக் குறிப்பிலும் இருக்கிறது. அப்படியிருந்தும் இடங்கள் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. மாவட்ட நீதித்துறையிலிருந்து வருபவருக்கு அந்தத் தாமதம் நேரடி இழப்பு. கோப்பு, நியமனத்துக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே நகரும் மாதங்கள் அவருக்கு மிஞ்சியிருக்கும் நான்கைந்து ஆண்டுகளில்தான் கழிகின்றன. 45 வயது வக்கீலுக்கு ஓராண்டுத் தாமதம் தாங்கும், 58 வயது மாவட்ட நீதிபதிக்குத் தாங்காது. பரிந்துரை நிலுவையில் இருக்கும்போதே ஓய்வு வயதை எட்டுகிறவருக்கு யாரும் பதில் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது. விசாரணை நீதிமன்றத்தில் 25 ஆண்டு சாட்சிகளின் முகத்தைப் பார்த்து எடைபோட்ட அனுபவம் உயர் நீதிமன்றத்துக்குத் தேவையில்லாததா?

இப்போது தங்கள் மகளின் விஷயம். அவருடைய சீனியர் சொன்னது 2025 அக்டோபருக்கு முன்புவரை பெரும்பாலும் சரிதான். 2020இல் தீரஜ் மோர் வழக்கில், மாவட்ட நீதிபதிக்கான நேரடித் தேர்வு வக்கீல்களுக்கு மட்டுமே, பணியில் இருக்கும் முன்சிப்போ சப் ஜட்ஜோ அதை எழுத முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அதனால்தான் முன்சிப்பாகச் சேர்ந்தவர் படிப்படியாகப் பதவி உயர்வுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் அரசியல் சாசன அமர்வு அதை மாற்றிவிட்டது. அந்த வழக்கும் நம் கேரளத்திலிருந்து போனதே. இப்போது வக்கீலாக இருந்த காலமும் நீதிபதியாக இருந்த காலமும் சேர்த்து ஏழு ஆண்டு இருந்தால், பணியில் இருப்பவரும் நேரடித் தேர்வு எழுதலாம். குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும்.

தங்கள் மகளுக்கு இதன் பொருள் என்ன? ஆறு ஆண்டு வக்கீல் தொழில் முடிந்திருக்கிறது. முன்சிப் தேர்வில் வென்று 32இல் பணியில் சேர்ந்தால், 35இல் அவருக்கு இரண்டும் சேர்த்து ஒன்பது, பத்து ஆண்டு அனுபவம் இருக்கும். அப்போது நேரடித் தேர்வையும் எழுதலாம். அதில் வென்றால் நாற்பதுக்குள் மாவட்ட நீதிபதி. வெல்லாவிட்டாலும் கையில் பணி இருக்கிறது; சப் ஜட்ஜ் ஆனபின், மாவட்ட நீதிபதி இடங்களில் 25 விழுக்காடு பணியில் உள்ளவர்களுக்கான வரையறுக்கப்பட்ட போட்டித் தேர்வுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதுவும் திறந்திருக்கும். முன்சிப் பணி ஒரு கதவை மூடிவிடும் என்ற பழைய காரணம் இன்று இல்லை. நாற்பதுக்குள் மாவட்ட நீதிபதி ஆனவர் ஐம்பதுகளின் முற்பகுதியிலேயே உயர் நீதிமன்றப் பரிசீலனைக்குரிய பணிமூப்பை அடைய முடியும்; அப்படி வந்தால் எட்டு, பத்து ஆண்டு கிடைக்கும். உறுதி கிடையாது. உயர் நீதிமன்ற இடங்களில் மூன்றில் ஒரு பங்கு மாவட்ட நீதித்துறைக்கு என்பது வழக்கமாக இருந்துவரும் ஏற்பாடுதான், சட்டம் அல்ல.

வக்கீலாகவே இருந்தால்? உயர் நீதிமன்றத்துக்கு வக்கீல்களிலிருந்து எடுக்கப்படுபவர்கள் பெரும்பாலும் அந்த உயர் நீதிமன்றத்திலேயே தொழில் செய்பவர்கள். சித்தூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் அந்தப் பட்டியலுக்குள் நுழைவது அரிது. அந்த வழியை விரும்பினால் அவர் எர்ணாகுளத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஒரு நல்ல அலுவலகத்தில் சேர்ந்து, பதினைந்து ஆண்டுக்குக் குறையாமல் உழைக்க வேண்டும். அதற்கும் மேலே, யாரும் அவரைப் பரிந்துரைக்காமலே போகலாம். குடும்பச் சூழலும் வருமானமும் அதற்கு இடம் தருமா என்பதைத் தாங்களும் அவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், நடுவர் நாற்காலியில் அவருக்கு மனம் இருக்கிறது என்பது உண்மையானால், முன்சிப் தேர்வை எழுதச் சொல்வேன். உயர் நீதிமன்றம் கிடைக்குமா என்பதை அதற்கான அளவுகோலாக வைக்க வேண்டாம். ஒரு முன்சிப்பின் முன் வரும் பாகப்பிரிவினை வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர் எழுதும் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு; தங்கள் தோப்பு வழக்கைப் போல எர்ணாகுளம் வரை போகிறவை சிலதான்.

ஓய்வுக்குப் பிந்தைய நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவட்ட நீதித்துறையில் ஓய்வு பெற்றவர் மறுபடி வக்கீலாக வரலாம். தாம் கடைசி மூன்று ஆண்டு அதிகாரம் செலுத்திய பகுதியில் மட்டும் இரண்டு ஆண்டு தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. உயர் நீதிமன்ற நிரந்தர நீதிபதி, தாம் இருந்த நீதிமன்றத்திலும் அதன் கீழுள்ளவற்றிலும் ஆஜராக முடியாது. உச்ச நீதிமன்றத்திலும் வேறு உயர் நீதிமன்றங்களிலும் ஆஜராகலாம். கேரளத்தில் நீதிபதியாக இருந்தவர் மதுரைக் கிளையில் கவுன் அணிந்து நிற்பதற்குத் தடையில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் அந்த வாய்ப்பு இல்லை. பென்ஷனைப் பொறுத்தவரை, உயர் நீதிமன்ற நீதிபதிகள் வக்கீலிலிருந்து வந்தாலும் மாவட்ட நீதித்துறையிலிருந்து வந்தாலும், கூடுதல் நீதிபதியாகவே ஓய்வு பெற்றாலும், ஆண்டுக்கு 13.50 லட்சம் ரூபாய் அடிப்படை ஓய்வூதியம் சமமாகத் தரவேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பணியாண்டுகளைக் காட்டி இரண்டு வகையாகப் பிரித்த பழைய வேதனை அத்தோடு தீர்ந்தது.

தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன் அவர் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. கேரள உயர் நீதிமன்றத்தின் அறிவிக்கை வந்தவுடன் உச்ச வயது வரம்பு எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 31 என்பதால் காத்திருக்க அதிகக் காலமில்லை, ஓர் அறிவிக்கையைக்கூட விட்டுவிடக் கூடாது. அடுத்து, 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு முன்சிப் தேர்வுக்கு மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் ஆகியிருக்கிறது. அந்த அனுபவத்துக்கான சான்றை அவர் தொழில் செய்யும் நீதிமன்றத்தின் முதன்மை நீதி அலுவலர் தர வேண்டும், அல்லது குறைந்தது பத்தாண்டு தொழில் செய்த வக்கீல் தந்து, அந்த அலுவலர் அதில் மேலொப்பம் இட வேண்டும். தங்கள் மகளுக்கு ஆறு ஆண்டு இருப்பதால் தகுதியில் சிக்கல் இல்லை. ஆனால் வக்காலத்துகள், அவர் பெயர் பதிவான உத்தரவு நகல்கள், பார் கவுன்சில் பதிவுச் சான்று ஆகியவற்றை இப்போதே ஆண்டுவாரியாக அடுக்கி வைத்துக்கொள்ளட்டும். சான்று கேட்டு அவர் போய் நிற்கப் போவது அதே சீனியரிடமாக இருந்தால், 2025 அக்டோபர்த் தீர்ப்பின் நகல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது.